தூசி பற்றிய ஒரு மனு

தவறி வந்த மனுவை உரிய பிரிவுக்கு உடனே அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவரை அதைப் பிறருக்கு விளக்கியவன் நான்.

பெருநகர் ஊருக்குப் போகும் பஸ்ஸில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. ஜல்லி லாரி கடக்கும்போதெல்லாம் அதைக் கழற்றித் துடைப்பார். வெளிநாட்டு வானாய்வகம் ஒன்று அவரை ஜூன் முதல் தேதி வரச் சொல்லியிருந்தது. போவதற்கு அரசின் தடையில்லாச் சான்று வேண்டும்.

“அங்க போயி இன்னாம்மா பாப்பீங்க?”

“தூரத்துல நட்சத்திரம் வெடிச்சா காமாக் கதிர் வருது சார். அப்புறம் கொஞ்ச நாளு மங்கலா ஒரு வெளிச்சம் வரணும். சிலதுல அது தெரியறதே இல்ல. நடுவுல தூசி கீது, நீலத்த மொதல்ல முழுங்கிடுது. அகச்சிவப்புல தேடணும். வெளிச்சம் காணோம்னு, வெடிக்கவே இல்லன்னு எழுதிடக் கூடாது.”

குமாஸ்தாவுக்குப் புரியட்டும் என்று மனுவை நானே எளிமையாக எழுதினேன். ‘பொருள்: தூசி ஆய்வு, அனுமதி கோருதல்.’ தூசியைப் பார்த்ததும் அதைக் கல்குவாரிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அது குவாரித் தூசி பற்றிய புகாரானது. நான் எழுதிய நினைவூட்டல்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

ஜூன் பிறந்தும் அவர் அதே பஸ்ஸில் வந்தார். “உங்க கையெழுத்து ரொம்ப அழகு சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். குத்திக்காட்டினாரா என்று இன்றும் தெரியவில்லை.

‘புலத்தணிக்கை செய்ததில் தூசி ஏதும் காணப்படவில்லை’ என்று கல்குவாரிப் பிரிவிலிருந்து பதில் வந்தது ஜூன் பதினான்காம் தேதி.