நான்கு மாநில அட்டவணையின் கடைசி வரி

விரல்கள் தாள்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கின. துளையிடும் கருவிக்குள் கட்டுக் கட்டாகச் செருகி, உடம்பின் எடையைப் போட்டு அழுத்தி, உதிர்ந்த காகிதப் பொட்டுகளை அள்ளிக் கூடையில் போட்டன. உரிமம், மூலதனம், இயக்குநர் குழு, அலுவலகம், பிள்ளைகளுக்கு அறிவிப்பு என்று பிரிவுக்கு ஒரு வண்ண அட்டை. கடைசி அட்டையைச் செருகும்போது மட்டும் அந்தக் கைகள் நின்றன.

ஆர்டிஸ் ட்யாடன் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரத்துக்குத் தட்டச்சு வேலைக்கு வந்தவள். கணவனோடு பார்த்த பண்ணையை வங்கி எடுத்துக்கொண்டபின் கிடைத்த வேலை. வசதியான குடும்பங்கள் தங்கள் சொத்தை வங்கியிடம் விடாமல் தாங்களே பார்த்துக்கொள்ள, சொந்தமாக ஒரு டிரஸ்ட் கம்பெனி அமைத்துக் கொடுக்கும் வக்கீல் அலுவலகம் அது. அர்த்தம் தெரியாததை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மதிய உணவு நேரத்தில் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பிரிவு இன்னொன்றைச் சுட்டினால் அதையும் தேடிப் படித்தாள். இப்போது மாநிலங்களை ஒப்பிடும் அட்டவணை எல்லாம் அவள் கையால்தான். ஒரு மாநிலத்தில் இருக்கும் விதி மற்றதில் இல்லையென்றால், 'இல்லை' என்று எழுதுவாளே தவிர, கட்டத்தைக் காலியாக விடமாட்டாள்.

அயோவாவில் விதைச்சோளக் கம்பெனி வைத்திருந்த வெர்லின் ஹாகெஸ்டாட், அதைப் பிள்ளைகளுக்காக டிரஸ்ட்டில் வைக்க, இலையுதிர்காலத்தில் வந்தபோது கேட்டது சாதாரண விஷயங்கள்தான். எங்கே வரி குறைவு, எங்கே உரிமம் வேண்டாம், டிரஸ்ட் எத்தனை காலம் நிற்கும். தெற்கு டகோட்டா, வயோமிங், நெவாடா, அயோவா என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். உரிமமே வேண்டாம் என்பதால் கிழவருக்கு வயோமிங் மீதுதான் கண். அவர் விரல் அட்டவணையின் கடைசி வரிக்கு வந்து நின்றது.

"இது என்ன ஆர்டிஸ்?"

"பிள்ளைங்களுக்கு டிரஸ்ட்டைப் பத்தி எப்பச் சொல்லணும்ங்கறது. நீங்க கேக்கல. விட்டுப்போகக் கூடாதேன்னு போட்டேன்."

"இங்க சொல்லவே வேண்டாமா?"

வக்கீல் லபர்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாம்னு நீங்க எழுதி வெச்சாப் போதும். மத்த இடத்துல வாதத்துக்கு இடம் இருக்கு. இங்க சட்டமே ஒத்துக்குது. நீங்க இருக்கிறவரைக்கும் யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்ல."

வெர்லின் ஜன்னல் வழியே வண்டி நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இங்கயே போடுங்க," என்றார். "பங்கு விஷயத்தையும் கொஞ்சம் மாத்தணும்."

அதுவரை கம்பெனி முடிவுகளில் மகன் டிரென்ட்டுக்குப் பாதி ஓட்டு, மகள் ஜோலினுக்குப் பாதி ஓட்டு என்றுதான் குறிப்பில் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்பதால் வைத்த பாதி. இனி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஓட்டு முழுக்க டிரென்ட்டுக்கு. ஜோலினுக்கு, அப்பா போன பிறகு, மாதாமாதம் ஏதோ ஒரு தொகை.

ஆர்டிஸ் ஒருமுறை வாயைத் திறந்தாள். "கம்பெனியைப் பாத்துக்கறது ஜோலின்தானே. அவளுக்குத் தெரிஞ்சா நல்லதோ என்னவோ."

"தெரிஞ்சா போயிடுவா. அப்புறம் உலர்த்துற கொட்டகையை யார் பாப்பா, டிரென்ட்டா? சோளக் கதிர்ல எது நுனி எது அடின்னு கேப்பான் அவன்." வெர்லின் சிரித்தார். லபர்ஸும் சிரித்தார்.

அவர் போனபின் அந்த வரியை எடுத்துவிடலாமா என்று லபர்ஸிடம் கேட்டாள்.

"அதுல தப்பு இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு எடுக்கணும்? வெளிய பேசிடாத ஆர்டிஸ். பேசினா உன் வேலை போறதோட நிக்காது."

ஆர்டிஸுடைய அப்பாவின் நிலம் அண்ணனுக்குப் போனதும், தனக்கு வந்தது பியானோ என்பதும் அவளுக்குத் தெரிந்தது அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது. அவளுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. இப்போது ஜோலினுக்கும் அப்படி ஒரு காபியைத் தன் கையாலேயே ஊற்றிவைத்தாயிற்று. இந்த மாநிலத்தில் டிரஸ்ட்டுக்கு முடிவு தேதி கிடையாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள்.

இயக்குநர் கூட்டம் இந்த மாநில மண்ணில்தான் நடக்க வேண்டும் என்பதால் ஜனவரியில் வெர்லினும் ஜோலினும் அயோவா எல்லை தாண்டி வந்தார்கள். பனியில் வெர்லினுக்குக் கண் தெரியாது. வண்டி ஓட்டியது ஜோலின். அவள் குழுவில் இல்லாததால் கதவுக்கு வெளியே, ஆர்டிஸின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். மடியில் ஒரு தகர டப்பா.

"பேரீச்சம்பழ கேக். எடுத்துக்குங்க. அடியில கொஞ்சம் கருகிடுச்சு, திங்கிற மாதிரிதான் இருக்கு."

ஆர்டிஸ் ஒன்றை எடுத்துக் காகிதக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு ஒண்ணும் புரியாது," என்றாள் ஜோலின். "ஒருவழியா எங்க பேர்ல எழுதறாரே, அதுவே அதிசயம். அந்தத் தைரியத்துல புது உலர்த்தி ஒண்ணு வாங்கப்போறேன். என் வீட்டை அடமானம் வெச்சு. கம்பெனிக்குத்தானே, எங்க போயிடப்போகுது?"

ஆர்டிஸின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "கொஞ்சம் பொறுத்து வாங்கலாமே ஜோலின்."

"ஏன், விலை குறையுமா?"

உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம். "குறையலாம்," என்றாள் ஆர்டிஸ்.

"நீங்களும் எங்கப்பா மாதிரிதான். ஒரு டாலர் கையில சிக்கினா மூச்சுத் திணற வெச்சிடுவீங்க. அடுத்த அறுவடைக்குள்ள வாங்கியாகணும், வங்கியில பேசிட்டேன்."

கதவு திறந்தது. வெர்லின் தொப்பியை மாட்டிக்கொண்டே வந்தார், முகம் தெளிந்திருந்தது. ஆர்டிஸ் தான் துளையிட்டுச் சேர்த்த டிரஸ்ட் கோப்பினை எடுத்தாள். கருநீல அட்டை, முதுகில் குடும்பத்தின் பெயர், சுற்றிலும் முத்திரை ஒட்டிய உறை. ஒரு தாள்கூடக் கோணலாக இல்லை. அவரிடம் நீட்டினாள்.

"எனக்குத் தோள்பட்டை ஒத்துக்காது. அவகிட்ட குடு."

ஜோலின் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "அடேங்கப்பா, என்ன கனம்! விதை மூட்டையா ஆர்டிஸ்?"

ஆர்டிஸ் உடனே விடவில்லை. ஜோலின் லேசாக இழுத்தாள். பிறகு ஆர்டிஸ் விட்டாள்.