வகுப்பின் கடைசியில் ஒரு தகப்பன்

கழுத்தில் கட்டும் அந்த நீல நிற ரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. டாக்சி ஓட்ட யாரும் ரை கட்டுவதில்லை. எங்களோடு டாக்சி ஓட்டிய அவர் வியாழக்கிழமைகளில் மட்டும் கட்டிக்கொண்டு வருவார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நாங்கள் குடிபெயர்ந்து வாழ்ந்த, பிரெஞ்சு பேசும் லாசால் பகுதியில் ஒரு கடைத்தொகுதியின் முன்னால் எங்கள் வண்டிகள் வரிசையில் நிற்கும். இன்று அங்கே வரிசையுமில்லை, நாங்களுமில்லை. அவர் ஹெய்ட்டி நாட்டுக்காரர், என்னைவிட மூத்தவர். நான் 'அண்ணை' என்று கூப்பிடப்போய், அங்கே நின்ற எல்லா ஓட்டுநர்களுக்கும் அண்ணையாகிவிட்டார். நாங்கள் கதைத்தது பிரெஞ்சில். நினைவில் மட்டும் அது எங்கள் தமிழாகவே வருகிறது.

அவருடைய மகனுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் ஒரே குழப்படி, அடுத்த ஆண்டு பின்தங்கிய பிள்ளைகளின் தனி வகுப்புக்கு மாற்ற வேண்டிவரும் என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. சொந்தக்காரப் பையன்கள் சிலர் அப்படிப் போனதை அவர் கண்டிருக்கிறார். "ஒருக்கால் அங்க போனால் போனதுதான்" என்றார். மனிதர் சாப்பாட்டையும் மறந்து திரிந்தார்.

பிள்ளையை ஆசிரியரிடம் விடும்போதே "கண்ணை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ" என்று ஒப்படைத்துவிட்டு வருகிற சனம் நாங்கள். அந்த ஞானத்தைத்தான் அவருக்கும் வழங்கினேன். "அண்ணை, படிப்பிக்கிறது அவையின்ர வேலை. நாங்கள் ஏன் தலையிடுவான்?"

அவர் கோபிக்கவில்லை. "உன்ர பிள்ளை குழப்படி செய்தால் சின்னப்பிள்ளைதானே எண்டு விடுவினம். என்ர பிள்ளை கறுப்புப் பெடியன். அவனுக்குப் பயப்பிடுவினம். பயப்பிட முதல் அவனை அவைக்குத் தெரியவேணும்."

வகுப்பில் வந்து இருக்கட்டுமா என்று ஆசிரியையிடம் கேட்டார். ஆசிரியை தயங்கித்தான் சம்மதித்தார். அண்ணை வியாழன் காலைகளில் வகுப்பின் கடைசியில், முழங்கால் நெஞ்சை முட்ட, சிறுவர் கதிரையில் இருந்தார். மெல்ல மெல்ல மற்றப் பிள்ளைகளும் கணக்குக் கொப்பியோடு அவரிடம் வந்தார்கள். முறைப்பாடு சொல்ல மட்டுமே தொலைபேசி எடுத்த ஆசிரியை, பையன் கெட்டித்தனமாக ஏதாவது செய்த நாளிலும் எடுக்கத் தொடங்கினார். வரிசையை விட்டுப் போனவன் திரும்பி வந்தால் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்பது எங்கள் சட்டம். வியாழக்கிழமை அண்ணைக்கு மட்டும் அது செல்லாது என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம்.

ஆண்டு முடிவில் பையன் தன் கூட்டாளிகளோடு அடுத்த வகுப்புக்குப் போனான். அதைச் சொல்லும்போது அண்ணை அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

புதிய ஆண்டின் முதல் வியாழனும் அவர் புறப்பட்டார். "அவன்தான் பாஸ் பண்ணிட்டானே, இனியேன் போறியள்?" என்றேன்.

"வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான்."

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுடைய எந்த ஆசிரியையின் முகமும் அதுவரை எனக்குத் தெரியாது. அன்று நானும் வரிசையை விட்டு விலகினேன். மகளின் வகுப்புக் கதவைத் தட்டியதும் ஆசிரியை பதறிப்போய், ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். ஒன்றுமில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். மகள் என்னைக் கண்டாள். தன் சின்னக் கதிரையில் பாதியை எனக்கு விட்டு நகர்ந்து இருந்தாள்.