சுண்ணாம்பு அடிக்காத வீட்டுக்காரி

எங்கள் அபுசேனி மலையில் ஈஸ்டருக்குச் சுண்ணாம்பு அடிக்காத வீடு என்றால், ஒன்று அங்கே ஆளில்லை, இல்லாவிட்டால் ஆளுக்குப் புத்தி சரியில்லை. சவேட்டா இரண்டாவது ரகம் என்று ஊரே பேசியது. அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு வேலிதான். ஊருக்குத் தெரிந்ததைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அவள் கணவன் இலாரியே இருந்தபோது, புல் நிறைய விளையட்டும் என்று மேட்டுப் புல்வெளியில் மூட்டை மூட்டையாக உரம் கொட்டினான். புல் இடுப்பளவுக்கு வந்தது, ஆர்னிகா போய்விட்டது. ஜூன் மாதம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி அது. பூவைச் சாராயத்தில் ஊறப்போட்டு வீக்கத்துக்கும் முட்டிவலிக்கும் தேய்ப்போம். அதற்குச் சத்தில்லாத மண்தான் பிடிக்கும். உரம் போட்டால் சுற்றியுள்ள புல் ஏறி அதை மூச்சுமுட்ட வைத்துவிடும். இலாரியே செத்த பிறகு, அந்த வெளியில் ஒரு கூடை சாணம்கூட விழ சவேட்டா விடவில்லை.

அந்தப் புல்வெளியில் பாதி உரிமை கொழுந்தன் கிளிகோருக்கு. புல் அறுப்பவன் அவன், தின்பவை அவன் மாடுகள். வருடா வருடம் புல் மெலிய மெலிய அவன் பொறுமையும் மெலிந்தது.

"அண்ணி, இது புல்லா, நம்ம பாதிரியார் வழுக்கை மண்டையா? மாடு என்னைப் பார்த்து மொறைக்குது. உரத்தைக் கொட்டப் போறேன்."

"கொட்டினா அந்தச் செடி இனிமே வரவே வராது தம்பி."

"இப்ப மட்டும் வந்து கிழிச்சிடுச்சா?"

"நான் வளர்த்துக் கொண்டாந்து நடுறேன்."

"காட்டுச் செடியையா? யாரு வளர்த்திருக்கா? சரி, அடுத்த வருஷத்துலேர்ந்து மூணு கோடை தர்றேன். மூணாவது வருஷம் ஜூன் கடைசியில பேதுரு திருநாளுக்குள்ள புல்வெளியில பூ நிக்கலைன்னா மூட்டையை அவிழ்ப்பேன். அப்புறம் அழக்கூடாது."

"அழுறவ நான் இல்ல," என்றாள் சவேட்டா.

மலையின் அந்தப் பக்கம் போய் விதை கொண்டுவந்தாள். ஊதினால் பறக்கும் விதை. வீட்டுச் சுவரோரப் பாத்தி மண்ணின் மேல் தூவினாள், மூடவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஆர்னிகாவுக்குச் சுண்ணாம்பு ஆகவே ஆகாது. அதனால் கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரை மட்டுமே ஊற்றினாள். விடிந்ததும் குனிந்து நத்தை பொறுக்குவாள். பனிக்காலத்துக்கு முன் பாத்தியில் இலைகள் தரையோடு தரையாக விரிந்து கிடந்தன.

இத்தனை தெரிந்தவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அடுத்து வந்த ஈஸ்டருக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், ஆப்பிள் மரத்தடிகளுக்கு அடித்தாள், வாளியில் மிச்சம் இருந்ததைப் பாத்தியைச் சுற்றியிருந்த கற்களுக்கும் அழகாக அடித்துவிட்டாள். திருநாளுக்குச் செடியும் அலங்காரமாக இருக்கட்டும் என்ற ஆசை. அன்றைக்கே பிடித்த மழை விடவில்லை. அத்தனை வெள்ளையும் கரைந்து பாத்திக்குள் இறங்கியது. சில வாரங்களில் இலைகள் வெளிறிச் சுருண்டன.

வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டாள். "பாருடி. என் கையாலேயே கொன்னுட்டேன்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "விட்டுத் தொலை சவேட்டா. காட்டுச் செடிக்கு நீ என்ன அம்மாவா?"

"விடுறதா? இந்தக் கோடை போனாலும் இன்னும் ரெண்டு கோடை இருக்கு."

பாத்தி மண்ணை முழுக்கத் தோண்டி எறிந்தாள். ஊசியிலைக் காட்டிலிருந்து கறுப்பு மண்ணை முதுகுக் கூடையில் சுமந்துவந்து நிரப்பினாள். கோடையில் மறுபடி விதைத்தாள். அடுத்த ஈஸ்டர் வந்தது. ஊரெல்லாம் வெள்ளை வெளேரென்று நிற்க, அவள் வீடு மட்டும் குளிர்காலப் புகையும் அழுக்குமாக நின்றது. வாசல்படியை ஒரு நாளைக்கு இருமுறை தேய்க்கிற பெண்ணுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

கிளிகோர் வாளியும் மட்டையுமாக வந்துவிட்டான். "அண்ணி, ஊரே சிரிக்குது. நானே அடிச்சுத் தரேன். சிந்தாம அடிக்கிறேன், போதுமா?"

"அந்த வாளியோட உள்ள கால் வெச்சே, வெளக்கமாறு பிஞ்சிரும்."

"செத்துப்போன எங்கண்ணனுக்கு அவமானம் இது!"

"உங்கண்ணன் கொட்டின உரத்துக்குத்தான்டா நான் இந்தப் பாடு படுறேன்."

கோயிலில் பெண்கள் அவளைப் பார்த்துத் தோளால் இடித்துக்கொண்டார்கள். அவள் நிமிர்ந்தே நின்றாள். மத்தியானம் நான் ஈஸ்டருக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டை கொண்டுபோனபோது, அடுப்படியில் முகம் வீங்க உட்கார்ந்திருந்தாள். முட்டையை மேசையில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் வெங்காயம் உரித்தேன் என்பாள்.

மே மாதம் செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்து மேட்டு வெளியில் நட்டாள். கோடை முழுக்கப் பீப்பாய்த் தண்ணீரை மேட்டுக்குச் சுமந்தாள். அந்த வருடம் பூக்கவில்லை. பாதிச் செடியைக் குளிர் கொண்டுபோனது.

மூன்றாவது பேதுரு திருநாளுக்கு மறுநாள் காலை, கிளிகோர் வண்டியில் உர மூட்டைகளோடும் அரிவாளோடும் வந்தான். மாடு உதைத்து அவன் முட்டி வீங்கியிருந்தது. சவேட்டா எனக்கு முன்பே மேட்டில் நின்றாள். அவள் காலடியில் மூன்று மஞ்சள் பூ.

"மூணே மூணா?" என்றான்.

"பூ நிக்கணும்னுதானே சொன்னே. எத்தனைன்னு சொல்லலையே."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு குரல் இறங்கியது. "சரி, தோத்துட்டேன். ஒரு பூவாவது குடுங்க அண்ணி, முட்டி உயிர் போகுது."

"ஒண்ணுகூடக் கிடையாது. அத்தனையும் விதையா விழணும். இந்த வருஷம் நொண்டிக்கிட்டே நட."

அவளையும் திட்டினான், சிரித்ததற்காக என்னையும் திட்டினான். மூட்டைகளை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓரத்திலிருந்து அறுக்கத் தொடங்கினான். நொண்டிக்கொண்டே பூக்களுக்கு அருகே வந்ததும் பெரிய அரிவாளைக் கீழே வைத்தான். வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, மற்ற முட்டியை ஊன்றி உட்கார்ந்து, செடியைச் சுற்றியிருந்த புல்லைக் கைக்கத்தியால் பிடிபிடியாக அறுத்தான்.

"இலையில பட்டுடாம!" என்று கத்தினாள் சவேட்டா.

"தெரியும் அண்ணி. தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."