வராதவனின் கையெழுத்து

மாணவர்களின் மனநலத்தைப் பேணுவது எப்படி என்று எங்கள் மருத்துவ பீடத்தில் ஒருநாள் கூட்டம் போட்டார்கள். வராதவர்களுக்கு வரவில் வெட்டு விழும் என்று முதல்நாளே அறிவித்தல் ஒட்டியிருந்தது. மனம் நொந்து அறையில் படுத்திருப்பவனையும் மிரட்டி இழுத்துவந்து, மனம் நோகாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு. தின்னப் பெட்டிஸும் குடிக்கப் பிளேன்டீயும் உண்டு. அன்றைக்கு யாருடைய மனநலத்துக்காவது ஏதாவது உதவியிருந்தால் அது அந்தப் பெட்டிஸாகத்தான் இருக்கும்.

வரவு பதியும் இடாப்பு சுற்றி வந்தபோது நான் இரண்டு கையெழுத்துப் போட்டேன். ஒன்று என்னுடையது. மற்றது என் அறைத்தோழனுடையது.

வராதவனுக்காக வந்தவன் கையெழுத்துப் போடுவது எங்கள் பெட்ச்சின் வழக்கம். வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பதால் இதைச் செய்ய மறுப்பவனை நாங்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. விரிவுரையாளர்களுக்கும் விஷயம் தெரியும். ஆனால் தலைகளை எண்ணுவதைவிடத் தாளைப் புரட்டுவது சுலபம். இதற்கு நாங்கள் தோழமை என்று பெயர் வைத்துப் பீற்றிக்கொண்டோம். அவனுடைய கையெழுத்தை நான் அவனைவிட அழகாகப் போடுவேன்.

அவன் கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மருத்துவ பீடத்துக்கு வந்த முதல் ஆள். அவன் தெரிவானதும் தோட்டத்தில் பஸ் நிற்கும் இடத்தில் ஆளுயர பேனர் கட்டினார்கள். டை கட்டிய அவன் படம் ஒரு மூலையில். அதைவிடப் பெரிதாக மூன்று பிரமுகர்களின் படம் நடுவில். அவன் படித்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் அல்லாடிய வருடங்களில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத மூவர். ஒரு விரிவுரைகூடத் தொடங்குவதற்கு முன்பே அவன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுவிட்டார்கள்.

மூன்றாம் வருடத்தில் அவன் ஒரு பாடத்தில் தவறினான். தவறுவது உலக அதிசயமல்ல. ஆனால் எங்கள் பேராசிரியர் ஒருவருக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. விரிவுரையைத் தொடங்குமுன், தவறி மறுபடி எழுதும் ரிப்பீட்காரர்களை எழுந்து நிற்கச் சொல்வார். அவனும் அவர்களோடு நின்றுகொண்டே இருக்க, பாடத்தைத் தொடங்குவார். முன்வரிசைக் கெட்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்து இளிப்பார்கள். வருங்காலத்தில் நோயாளிகளிடம் கனிவாகப் பேசப்போகிறவர்கள் இவர்கள்தான்.

முதலில் அவன் ஊருக்குப் போவதை நிறுத்தினான். பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்தப் பேனரைக் கடந்துதான் லயத்து வீட்டுக்குப் போகவேண்டும். பிறகு, நாலாம் வருடத்தில், விரிவுரைகளுக்கு வருவதையும் நிறுத்தினான். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். என்னடா என்று கேட்டால் தலையிடி என்பான். எனக்கும் அது போதுமாக இருந்தது. மூன்று வாரம் தொடர்ந்து அவனுக்காகக் கையெழுத்துப் போட்டேன். அவன் போடச் சொல்லிக் கேட்கவில்லை. நானாகவே, அவனுக்குச் சொல்லாமலே போட்டேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

அதே மூன்று வாரமும் எனக்கு மனநல வார்டில் பயிற்சி. தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் என்னென்ன கேட்கவேண்டும், எந்த வரிசையில் கேட்கவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நாவலப்பிட்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதினேன். கடைசியில் அந்தப் பெண், "எல்லாம் எழுதி முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். புள்ளிகள் நன்றாகக் கிடைத்தன.

மூன்றாம் வாரத்தில்தான் அவன் தன் உடற்கூற்றுப் படப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தான். பழையதுதான், ஆனால் அவன் உயிராக வைத்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பை ஒரு ஜூனியருக்குக் கொடுத்தான். அவனுடைய அக்கா முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த பேனாவை என் சட்டைப்பையில் செருகிவிட்டான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நன்றி சொன்னேன். நாலு வருடம் மருத்துவம் படித்த அறிவாளி.

கூட்டத்துக்குத் திரும்பி வருகிறேன். கொழும்பிலிருந்து வந்த பேச்சாளர் திரையில் அபாய அறிகுறிகளை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தார். வாய் கிழியப் பேசினார். தனக்குப் பிரியமான பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்ற வரி திரையில் வந்தபோது நான் அவன் பெயருக்கு நேரே அவன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவனுடைய பேனாவால்.

எழுந்தேன். வாசலில் நின்ற உத்தியோகத்தர், முடியுமுன் வெளியே போனால் வரவை வெட்டவேண்டியிருக்கும் என்றார். வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விடுதிக்கு ஓடினேன்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். வார்டில் மணிமணியாகக் கேட்ட எனக்கு இங்கே ஒரு கேள்வியும் வரிசையில் வரவில்லை.

"சாகணும்னு நெனச்சிக்கிட்டு இருக்கியா?"

அவன் சட்டையை மடித்து முடித்தான். "ஆமா" என்றான்.

பிறகு அழுதான். நானும் அழுதேன். வைத்தியசாலைக்குப் போவோம் என்றபோது அவன் பயந்தது ஒன்றுக்குத்தான். நம் பெட்ச்காரர்கள் கொப்பியும் கையுமாக வந்து தன்னிடம் வரிசையாகக் கேள்வி கேட்பார்கள் என்று. அவனைத் தனியாக விடாமல் கைபிடித்து அழைத்துப் போனேன். அங்கிருந்த வைத்தியர் அம்மா ஒருவர் அவனைத் தன் பொறுப்பில் எடுத்து, மாணவர் எவரும் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். இந்தக் கதையில் என்னால் ஏச முடியாத ஒரே பெரிய மனுஷி அவர்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவனுடைய அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டு ஊர் என்ன சொல்லும் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது அந்தப் பேனரை அவிழ்த்துக் கோழிக்கூட்டின் மேல் போட்டுவிட்டதாகச் சொன்னார். பிரமுகர்களின் முகம் அன்றைக்குத்தான் மழைக்கு உதவியது.

அவன் விஷயத்தை விசாரிக்கப் பீடத்தில் ஒரு குழு கூடியது; அறைத்தோழன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று பேர் கதிரைகளில் சாய்ந்திருந்து இடாப்பைப் புரட்டினார்கள். ஒரு நாளும் தவறாமல் வந்திருக்கிறார், மனநலக் கூட்டத்துக்குக்கூட வந்திருக்கிறார், ஆகவே அறிகுறி எதையும் கவனிக்க வாய்ப்பிருக்கவில்லை என்று முடிவு சொன்னார்கள். அந்தக் கையெழுத்துகள் என்னுடையவை என்றேன். முதலில் முறைத்தார்கள். பிறகு மூவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் அல்லவா. எந்தெந்த நாள் என்று விலாவாரியாகக் கேட்டு எழுதினார்கள். அவன் இப்போது எப்படியிருக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவன் பெயரில் கையெழுத்துப் போட்டதற்காக, நாள்களின் பட்டியலோடு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எழுந்து நிற்கச் சொல்லும் பேராசிரியருக்கு ஒன்றும் வரவில்லை.

சில மாதம் கழித்து, மருந்தும் கிளினிக்குமாகத் தேறி, அவன் அறைக்குத் திரும்பினான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். கடிதத்தையும் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் இரண்டு தரம் வாசித்தான்.

"இத்தன நாளு வரலியேன்னு யாராச்சும் தேடி வருவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்டா. ஒருத்தரும் வரல. ஏன்னு இப்பத்தான் வெளங்குது."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.