சீனாக்காரரின் இரண்டாவது கிண்ணம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது அடித்துப் பத்து நிமிஷம். காவிரிக் கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு மூன்று பேர் வந்தார்கள். வெற்றிலைத் தோட்டக்காரர் சின்னச்சாமி, அவர் மனைவி பாவாயி, அவர்கள் வீட்டில் குடியிருக்கும் சீனாக்காரர்.

சைக்கிளில் பட்டு விற்பவர்தான். உங்களில் சிலர் வாங்கியும் இருப்பீர்கள். "அம்மா, நல்ல பட்டு, சாயம் போகாது" — அவருடைய தமிழ் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"மூளை கலங்கிப் போச்சுங்க. பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருங்க" என்றார் சின்னச்சாமி.

டாக்டர் அதற்கான அச்சடித்த பாரத்தை என் பக்கம் தள்ளினார். குமாஸ்தா நான்தானே? 'பைத்தியத்தின் அடையாளங்கள்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.

"யாவாரத்துக்கே போறதில்லீங்க. ஒம்பது நாளா ரெண்டு கிண்ணத்துல சோறு வெக்கிறாரு. ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணுல ரெண்டு குச்சிய நட்டு வெச்சு, எதுக்கால ஆளு இருக்கிறாப்புல பேசறாருங்க."

சின்னச்சாமி சொல்லச் சொல்ல, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

சீனாக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆறு, பனி, பாதி கரைந்த அக்கரை... அவர் பார்த்தது இந்த ஆற்றைத்தானா?

பாவாயி புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அமாவாசைக்கு இலை போட்டு, செத்துப்போன உங்கய்யனை 'வந்து சாப்புடுங்க'ன்னு நீங்க கூப்புடலையா? உங்களை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தேன்?"

சின்னச்சாமி தலையைச் சொறிந்தார்.

"அவரு ஊர்லருந்து கடுதாசி வந்த நாள்லருந்துதானுங்க இப்படி" என்று பாவாயி டாக்டரிடம் சொல்லிவிட்டு, சீனாக்காரரிடம் மெல்லக் கேட்டார்: "அந்தக் கிண்ணம் யாருக்குங்க? அம்மாவுக்கா?"

அவர் தன் நெஞ்சைத் தொட்டார். "அம்மா... இல்லே."

அப்புறம் அழுதார் — வெகு நேரம், சத்தமில்லாமல்.

அந்தச் சைகையை நான் முன்பும் பார்த்திருந்தேன். பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஒன்பது நாளில் மூன்று தரம் வந்திருக்கிறார். மூன்று தரமும் இதே போல நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். மூன்று தரமும் என் கையெழுத்து, மணிமணியாக: 'அஜீரணம். மிக்ஸ்சர் ஒரு புட்டி.'

எங்கே வலி என்று கேட்கிறோம். பாஷை தெரியாத ஊரில் துக்கத்தை வேறு எப்படித்தான் காட்டுவது?

டாக்டர் பாரத்தை நான்காகக் கிழித்தார். பதிவேட்டில் அடித்தல் கூடாது என்பது விதி. இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக, ஸ்கேல் வைத்து, அஜீரணத்தை அடித்தேன்.

வாசலில் பாவாயி சொல்வது கேட்டது:

"வாங்க சாமி, ஊட்டுக்குப் போலாம். சோறு ஆறிப்போயிரும்... ரெண்டு கிண்ணமும்."