பயிற்சிக்கு ஒரு கையெழுத்து

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கூலி வேலை செய்து திரிந்த நான், வெளிநாட்டுக் கப்பலில் சேர நினைத்துத் திருகோணமலைக்கு வந்தேன். நேர்முகத் தேர்வுக்காக, என்னைப் போலவே வந்திருந்த மூவரையும் சேர்த்து எங்கள் நால்வருக்கும் ஆங்கிலம் பழக்கியவர் ஒருநாள் ஆளுக்கொரு ஆங்கிலத் தாளைத் தந்தார்.

"கையெழுத்து வைச்சுப் பழகுங்கோ. சும்மா பயிற்சிதான்."

"பயிற்சிக்கு ஏன் மாஸ்டர் முத்திரை ஒட்டியிருக்கு?" என்று கேட்டேன்.

"உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம். கப்பல்ல ஏறினாலும் ஓட்டைதான் தேடுவீர்!"

மற்றவர்கள் சிரித்தார்கள். வயிற்றுவலி என்று சொல்லி, தாளை ஒளித்துக் கொண்டுபோய், நீதிமன்ற வாசலில் மனு எழுதுபவரிடம் காட்டினேன்.

"கையெழுத்து வைச்சனீரோ?"

"இல்லை ஐயா."

"தப்பினீர். உம்மட பாஸ்போட்டை மூண்டு வருசம் இதைத் தந்தவர் வைச்சிருப்பாராம். நீர் கேக்க ஏலாதாம்."

ஓடிப்போய் மற்றவர்களிடம் சொன்னேன். மூவரும் கையெழுத்து வைத்து முடித்திருந்தார்கள்.

இப்போது வாசிக்கத் தெரியாத தாளில் நான் கையெழுத்து வைப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரையும் வைக்க விடுவதில்லை.