சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய லோபாக்கில் எனக்கு ஒரு சின்னப் படக்கடை இருக்கிறது. பாஸ்போர்ட் படம் எடுப்பேன். பழைய படங்களைச் சுத்தம் செய்து கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பேன். போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை உறையில் போட்டுக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அவருடைய அண்ணன் ஒரு பத்திரிகையில் படப்பிடிப்பாளராக இருந்து காலமானவர். அவர் அலமாரியில் இது கிடைத்ததாம்.

"இது அண்ணன் எடுத்ததோ, வேற ஆரும் எடுத்ததோ தெரியேல்லை. பார்த்துச் சொல்லுவீங்களே?" என்றார்.

தடித்த தாள். நகல் இல்லை, இருட்டறையில் கழுவியெடுத்த அசல் பிரதிதான். கறுத்த இடங்களில், விளக்கில் சாய்த்துப் பிடித்தால் வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தது. பல வருடப் பழமை இருந்தால்தான் அப்படி வரும். பின்பக்கம் பத்திரிகையின் ஊதா முத்திரை. எடுத்தவர் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: தம்பின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் பால் நிறுக்கிறார்கள் என்று.

முன்பக்கம் யாரோ மெழுகுப் பென்சிலால் சிவப்பாகக் கட்டம் போட்டிருந்தார்கள். அதற்குள் இருப்பதை மட்டும் அச்சடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். கட்டத்துக்குள் தராசும், கணக்கெழுதும் கிராணியும். வெளியே, வாளிகளோடு வரிசையில் நான்கு பெண்கள்.

சீட்டின் ஒரு முனையில் பசை காய்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் பென்சில் கீறல் போல ஏதோ தெரிந்தது. ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்து, சீட்டைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். சரி என்றார். மெல்லிய தகட்டை நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். மதியம் முழுக்க அதே வேலை. தாள் கிழியவில்லை.

அடியில் தமிழில் எழுதியிருந்தது. 'இடமிருந்து வலம்' என்று போட்டு நான்கு பெயர்கள். மூன்றாவது பெயரைப் படித்ததும் தகட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் பிறந்த பத்தாம் நாள் அம்மாவுக்கு ஜன்னி கண்டு சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று மாதம் வீடு திரும்பவில்லை. தம்பின் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசையில் அடுத்த வீட்டு அம்மாள், தன் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்த கையோடு எனக்கும் கொடுத்தார். விடியலில் ரப்பர் மரம் சீவப் போகுமுன் ஒரு தடவை, திரும்பியதும் ஒரு தடவை. எனக்கு நினைவு தெரிவதற்குள் இறந்துவிட்டார். தீபாவளிப் படையலில் அம்மா அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒரு சேலை வைப்பார். பெயர் தெரியும், முகம் தெரியாது. அவருக்குப் படமே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா இருக்கும் மம்பாவுக்குப் போய் அவரிடம் படத்தைக் கொடுத்தேன். பெயரைச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூன்றாவது பெண்மீது விரலை வைத்தார்.

"இவதான்டா உன்னைய உசுரோட வச்சிருந்தவ. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப நீ என்கிட்ட வரமாட்டேன்னு அழுவுற. அவகிட்டதான் போவேன்னு. அவளுக்குக் கூச்சமாப் போச்சு. 'ரெண்டு நாள்ல பழகிக்கிடுவான் அக்கா'ன்னா."

நான் அவரிடம் வராமல் அழுததை அம்மா அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

மறுநாள் ஆசிரியை வந்தார். பென்சில் எழுத்தைப் பார்த்தவுடன், "இது எங்கட அண்ணன்ட எழுத்துத்தான். அந்த 'ழ'வைப் பாருங்கோ" என்றார். "அவர் ஆரைப் படம் எடுத்தாலும் முதல்ல பேர் கேட்பார். பேப்பர்ல போட மாட்டினம், ஏன் கேக்கிறீங்கள் எண்டு நான் சண்டை பிடிப்பன்."

நான் மூன்றாவது பெயரின் கதையைச் சொன்னேன். அவர் படத்தை என் பக்கம் தள்ளினார். "அவவின்ர பிள்ளையிட்டயே குடுங்கோ. எனக்கு ஒரு நகல் எடுத்துத் தந்தால் காணும்."

என்னோடு பால் குடித்த அந்தப் பிள்ளைக்கும் என் வயதுதான். தம்பின் பாசாரில் காய்கறி விற்கிறார். அவருக்கு நான் தம்பி. கடையில் கூட்டம் குறைந்ததும் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார்.

"அம்மா இவ்ளோ உயரமா, தம்பி? எனக்குத் தெரியாதுலா." படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "சிரிக்கிறாங்க" என்றார்.

பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தாயின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தார். யார் எழுதியது என்று கேட்டார், சொன்னேன்.

"நல்ல மனுசனா இருந்திருப்பாரு," என்றார். "சட்டம் போட்டா இந்தப் பக்கம் மறைஞ்சிடுமே?"

மறையாமல் போடலாம் என்றேன். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து, நடுவில் படத்தை நிறுத்தி, நானே செய்து கொடுத்தேன். மற்ற மூன்று பெயர்களுக்கும் உரியவர்களின் பிள்ளைகள் எங்கே என்று அம்மாவும் அவரும் இப்போது தம்பின் முழுக்க விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.